பலூனா, ராக்கெட்டா, போயமா? ராமநாதபுரம் கடலோர மாணவர் குழுக்களுக்கு ஓர் ஒப்பீடு

2021 பிப்ரவரி 7 அன்று ராமேசுவரத்திலிருந்து ஒரு பலூன் நூறு குட்டிச் செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு மேலே போனது. எல்லாம் மாணவர்கள் செய்த கருவிகள். அதற்குப் பிறகு இந்தக் கடலோரத்து அறிவியல் ஆசிரியர்கள் பலருக்கும் ஒரே ஆசை: நம் பிள்ளைகள் செய்வதும் மேலே போக வேண்டும். கலாம் பிறந்த ஊர் இது. கடற்கரையோரமாகத் தெற்கே போனால், 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய குலசேகரன்பட்டினம் ஏவுதளம் வந்துவிடும். ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எது மலிவு, எது சீக்கிரம் முடியும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். சிலர் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறார்கள்: எந்த வழியில் கடலுக்கும் காற்றுக்கும் கெடுதல் குறைவு? நாங்கள் கற்றதை அடுத்த ஊர்ப் பள்ளியும் எடுத்துப் பயன்படுத்தும்படி எப்படிச் செய்வது? இந்த இரண்டு கேள்விகளை முன்னால் வைத்தால் வழக்கமான வரிசையே மாறிவிடுகிறது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. தலைப்பில் உள்ள போயம் என்பது, பிஎஸ்எல்வி ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தையே ஆய்வு மேடையாக்கும் இஸ்ரோவின் ஏற்பாடு.

## எதை வைத்து எடை போடுவது

கீழே என்ன விழுகிறது, யாருடைய தண்ணீரில்? நம் மாவட்டத்துக்கு இதுதான் முதல் கேள்வி. தென்கடலில் 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986 முதல் இருக்கிறது. அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். வடகடலான பாக் விரிகுடாவில் ஆவுளியா என்ற கடற்பசுவும் பச்சை ஆமையும் மேயும் கடல்தாழை (கடற்புல்) படுகைகள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான், அதன் குறுக்கே நாட்டு எல்லை. ஒரு பொருள் அந்தப் பக்கம் விழுந்தால் போய் எடுத்துவர வழியில்லை. எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று இங்கே எந்த மீனவர் வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மேலே என்ன தங்குகிறது? தரையோரப் புகைக்கரியைச் சில வாரங்களில் மழை கழுவி இறக்கிவிடும். ஓசோன் இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கில் மழையே கிடையாது. அங்கே விடப்பட்ட கரி ஆண்டுக்கணக்கில் மிதக்கும். அதற்கும் மேலே சுற்றுப்பாதைக் குப்பை.

வெளியே தெரியாத செலவு. பணம் மட்டுமல்ல, அனுமதி, காத்திருப்பு, சோதனை, பொறுப்பு எல்லாம் சேர்த்து.

பிறருக்கு என்ன மிஞ்சுகிறது? வரைபடம், நிரல், தரவு, தோல்விக் குறிப்பு. இதில் எவ்வளவைத் திறந்து வைக்க முடியும் என்பது.

இந்த நான்குக்கும் முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் கேள்விக்கு விடை தேட ஒரு பொருள் மேலே போய்த்தான் ஆக வேண்டுமா?

## வழி 1: எதையும் அனுப்பாமல், தரையில் ஒரு நிலையம்

ஆசிரியர்கள் இந்த வழியைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. நான் முதலில் வைக்கிறேன்.

கிரேக்கத்தைச் சேர்ந்த லிப்ரே ஸ்பேஸ் அறக்கட்டளை நடத்தும் சாட்நாக்ஸ் என்ற வலைப்பின்னலில், உலகம் முழுக்க ஆர்வலர்கள் தாங்களே கட்டிய தரை நிலையங்கள் இணைந்திருக்கின்றன. ஆன்டெனா வரைபடம், மென்பொருள், பெற்ற தரவு எல்லாமே திறந்த நிலையில் கிடைக்கின்றன. அலுமினியக் கம்பி, பிவிசி குழாய், ரேடியோ அலையைக் கணினிக்குக் கொடுக்கும் ஒரு எஸ்டிஆர் டாங்கிள், ஒரு ராஸ்பெரி பை கணினி இருந்தால் மண்டபத்துப் பள்ளி மாடியில் தொடங்கிவிடலாம். இன்னொரு நாட்டுக் கல்லூரியின் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே போகும்போது அதன் குரலைப் பிடித்து அவர்களுக்குக் கொடுப்பது உங்கள் நிலையமாக இருக்கலாம்.

இதோடு இலவசத் தரவும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களில் ஒரு புள்ளி 10 மீட்டர். தெளிவான ஆழமற்ற நீரில் பாரும் (கடலடிப் பாறைத்திட்டு) கடல்தாழையும் அதில் தெரியும். ஐதராபாத் இன்காய்ஸ் மையம் மீனவர்களுக்குக் கொடுக்கும் மீன்வள இட அறிவிப்பே கடல்மேல் வெப்பத்தையும் நீரின் பச்சையத்தையும் விண்ணிலிருந்து அளந்து வருவதுதான். வடகடல் கடல்தாழை ஐந்தாண்டில் எங்கே சுருங்கியது என்று ஒரு கல்லூரிக் குழு வரைந்தால் அதற்கு ஒரு கிராம் எரிபொருளும் எரிய வேண்டாம். அந்த வரைபடம் வலை போடுகிறவர், பாசி எடுக்கும் பெண்கள், வனத்துறை என்று எல்லோருக்கும் உதவும்.

வெளியே தெரியாத செலவு உப்புக்காற்று. பாம்பன் பக்கம் எந்த உலோக இணைப்பும் சீக்கிரம் பூத்துப்போகும். கேபிள் முனைகளை மூடிவைத்து, மாதம் ஒருமுறை பார்த்து, ஐப்பசி கார்த்திகைப் புயலுக்கு முன் ஆன்டெனாவை இறக்கிவிட ஒரு ஆள் வேண்டும். இன்னொரு குறை, செயற்கைக்கோள் படத்துக்கு மேகம் எதிரி. அடைமழைக் காலத்தில் வாரக்கணக்கில் ஒன்றும் கிடைக்காது.

## வழி 2: உயரப் பலூன்

புகை இல்லை, சத்தம் இல்லை. அதனால் பலூனைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். வறண்ட உள்நாட்டில் அது சரி. கடலோரத்தில் சரியில்லை.

லேடெக்ஸ் பலூன் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் பல மடங்கு விரிந்து வெடிக்கும். வெடித்த ரப்பர் நார்நாராகக் கிழிந்து தொங்கும். தண்ணீரில் மிதக்கும்போது அது ஆமையின் கண்ணுக்கு இழுதுமீன் போலத்தான் தெரியும். இயற்கை ரப்பர் மக்கிவிடும் என்பது பாதி உண்மை. கடல் நீரில் அதற்கு மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகும். கருவிப் பெட்டி தெர்மக்கோல் என்றால் இன்னும் மோசம். அலையில் மணிமணியாக உதிர்ந்து கரையெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே பலூனின் தூய்மை முழுவதும் ஒரே விஷயத்தில் இருக்கிறது: திரும்ப எடுப்பது. நம் பகுதியில் அது காற்றின் கையில். கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தில் தரையோரக் காற்று மேற்கிலிருந்து அடித்துப் பலூனைக் கடல் பக்கம் தள்ளும். அதே நாளில் 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த தாரைக்காற்று ஓடும். மேலே போகப்போகப் பலூன் திரும்பி வரும். எங்கே இறங்கும் என்பது எந்த அடுக்கில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதைப் பொறுத்தது. சோண்ட்ஹப் போன்ற திறந்த கருவிகள் அன்றைய காற்றை வைத்துப் பாதையைக் கணித்துத் தரும். கணிப்பு தரையில் முடிந்தால் மட்டும் விடுங்கள். அதுவும் ராமேசுவரத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ அல்ல. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் உள்ளே போய் விடுங்கள். நல்ல படம் கிடைக்கும் என்பதற்காகத் தனுஷ்கோடி மணலில் நின்று பலூன் விடுவதை நான் வெளிப்படையாகவே எதிர்க்கிறேன்.

பெட்டிக்குத் தெர்மக்கோலை விட்டுவிட்டு வேறு பாருங்கள். பனை ஓலைப் பெட்டிக்குள் பருத்திப் பஞ்சு திணித்துப் பார்க்கலாம். வெப்பமண்டல வானத்தில் 17 கிலோமீட்டர் வாக்கில் குளிர் மைனஸ் 80 டிகிரி வரை இறங்கும். ஐரோப்பியக் கையேடுகள் எதிர்பார்ப்பதைவிட அதிகக் குளிர் இது. எதைப் பயன்படுத்தினாலும் உலர்பனியில் வைத்துச் சோதித்த பிறகே பறக்க விடுங்கள். ஓலைப்பெட்டி தேறினால், அந்தச் சோதனை முடிவே உலகப் பலூன் ஆர்வலர்களுக்கு நீங்கள் கொடுக்கும் புதுச் செய்தியாக இருக்கும்.

அனுமதி விஷயம்: உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருக்கிறது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி இல்லாமல் எதையும் மேலே விடாதீர்கள். ரேடியோவில் ஒரு கண்ணி உண்டு. குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் தரவு அனுப்பும் லோரா போர்டுகளில் கடையில் கிடைக்கும் பல 915 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்தவை. இங்கே உரிமம் இல்லாமல் குறைந்த திறனில் பயன்படுத்த ஒதுக்கியது 865 முதல் 868 வரையிலான அலைவரிசை. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் "பள்ளி அறிவியல் கருவி, ஆபத்தில்லை" என்று எழுதித் தொடர்பு எண்ணைப் போடுங்கள்.

## வழி 3: ஹைப்ரிட் ராக்கெட்

திண்ம எரிபொருளும் திரவ அல்லது வாயு ஆக்சிஜனேற்றியும் சேர்ந்தது ஹைப்ரிட். 2024 ஆகஸ்ட் 24 அன்று சென்னையை அடுத்த திருவிடந்தையிலிருந்து பறந்த ரூமி-1 இந்த வகைதான். மாணவர்களுக்கு இது பிடித்துப்போகக் காரணம் புரிகிறது. சத்தமும் நெருப்பும் இருக்கிறது, ஆனாலும் திண்ம ராக்கெட்டைவிடப் பாதுகாப்பு அதிகம். அம்மோனியம் பெர்குளோரேட் எரியும் திண்ம ராக்கெட் ஹைட்ரஜன் குளோரைடையும் அலுமினா துகளையும் விட்டுச் செல்லும். அந்தக் குளோரின் ஓசோனைத் தின்னும். ஹைப்ரிடில் அது இல்லை.

அதனாலேயே பசுமை ராக்கெட் என்று பெயர் வாங்கிவிடுகிறது. ஆனால் ரப்பர் போன்ற எரிபொருள் முழுதாக எரியாமல் நிறையக் கரி விடும். ஸ்ட்ராட்டோஸ்பியரில் அந்தக் கரி வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும். ஆண்டுக்கு ஆயிரம் ஹைப்ரிட் ராக்கெட்டுகள் பறந்தால் என்ன ஆகும் என்று 2010இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கணக்கிட்டபோது, பூமியின் தட்பவெப்பத்தையே தொடும் அளவுக்குப் பாதிப்பு வந்தது. ஒரு கல்லூரி ராக்கெட்டின் கரி அதில் தூசு. அதற்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம். ஆக்சிஜனேற்றியாக வரும் நைட்ரஸ் ஆக்சைடை மட்டும் கவனியுங்கள். எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட இருநூற்று எழுபது மடங்கு அளவுக்குச் சூடேற்றும் வாயு அது. சோதனையின்போது சும்மா திறந்துவிடுவது வழக்கமாகக்கூடாது. உயிருக்கும் ஆபத்து: 2007இல் அமெரிக்காவின் மொஹாவியில், எரியூட்டாமலே நைட்ரஸ் ஆக்சைடைப் பாய்ச்சிப் பார்த்த சோதனையில் வெடித்து மூவர் இறந்தனர்.

நம் கடலோரத்திலிருந்து ஏவுவதைப் பற்றி என் முடிவு நேரடியானது: கூடாது. தெற்கே விட்டால் பூங்கா, வடக்கே விட்டால் கடல்தாழை, கிழக்கே விட்டால் எல்லை. விழும் கார்பன் இழைக் குழாயையும் பேட்டரியையும் தேடி எடுக்க விசைப்படகு வாடகை, டீசல், நாலு ஆள் கூலி. அன்று அந்தப் பகுதியில் வலை போட முடியாத நாட்டுப்படகுக்காரரின் வருமானத்தையும் செலவில் எழுதுங்கள். ராக்கெட்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே கடல் பகுதி அறிவிப்பும் பாதுகாப்பு ஏற்பாடும் உள்ள தளத்தோடு சேருங்கள். அதற்கு, தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்ஸ்பேஸின் அனுமதி தேவை. வாயு உருளை, எரிபொருள் விஷயத்தில் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிகளும் சேரும்.

ஒரு பழைய முன்னுதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். கேரளத்தின் தும்பா ஏவுதளம் 1968 பிப்ரவரி 2 அன்று ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரான்ஸ் எல்லாம் அங்கே வந்து வானிலை ராக்கெட்டுகளை ஏவின. ஊருக்கு ஊர் தனித்தளம் கேட்காமல், ஒரே தளத்தைப் பலரும் பகிர்வதுதான் அதன் வழி. கல்லூரிகளுக்கும் அந்த வழி பொருந்தும்.

## வழி 4: போயம் மேடையில் ஓர் இடம்

பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டம் எப்படியும் சுற்றுப்பாதை வரை போகிறது. வேலை முடிந்ததும் குப்பையாக விட்டுவிடாமல், மின்சாரமும் நிலைநிறுத்தும் வசதியும் கொடுத்து ஆய்வு மேடையாக்கினால் அது போயம். 2019 ஜனவரி 24 அன்று பிஎஸ்எல்வி-சி44இல் நான்காம் கட்டத்தை மேடையாகப் பயன்படுத்திப் பறந்தது மாணவர்கள் செய்த கலாம்சாட். முழு வடிவப் போயம் 2022 ஜூனில் தொடங்கியது.

சுற்றுச்சூழல் கணக்கில் இதற்கு நிகர் இல்லை. உங்களுக்காகத் தனி ராக்கெட் எரிவதில்லை. தனி உடல், தனிச் சூரியத் தகடு செய்ய வேண்டியதில்லை. போயம்-3ஐ 350 கிலோமீட்டருக்கு இறக்கி, மிச்ச எரிபொருளை வெளியேற்றி, 2024 மார்ச் 21 அன்று வடபசிபிக் பெருங்கடல் மேல் வளிமண்டலத்துக்குள் விழ விட்டார்கள். குப்பை எதுவும் சுற்றுப்பாதையில் மிஞ்சவில்லை. திருவனந்தபுரத்து மகளிர் பொறியியல் கல்லூரி மாணவிகள் செய்த புறஊதா அளக்கும் வெசாட் பறந்தது அந்த மேடையில்தான். போயம்-4இல் 24 கருவிகள். அதில் ஒன்றில் காராமணி விதை முளைத்தது. நம் கடலோரக் கல்லூரிக்கு எட்டாத தூரம் இல்லை இது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? அதிர்வுச் சோதனை, வெற்றிட வெப்பச் சோதனை, இணைப்பு ஆவணங்கள். இவை கருவி செய்யும் நேரத்தைவிட அதிகம் தின்னும். தேதி உங்கள் கையில் இல்லை. மூன்றாம் ஆண்டு மாணவர் தொடங்கியதை அவருக்குப் பின் வருபவர்தான் பறக்க விடுவார் என்று எதிர்பாருங்கள். ராக்கெட் தோற்கவும் செய்யும்: 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி-சி61 மூன்றாம் கட்டத்தில் தோற்றது, அடுத்த சி62உம் 2026 ஜனவரியில் அதே கட்டத்தில் தடுமாறிச் சுமையை இழந்தது. ஒரே ஒரு கருவி செய்து அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். இரண்டு செய்யுங்கள், ஒன்று தரையில் இருக்கட்டும்.

## வழி 5: சொந்த க்யூப்சாட்

1999இல் அமெரிக்காவின் கால் பாலி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் வகுத்த பத்து சென்டிமீட்டர் கனசதுர அளவு, விண்வெளித் துறையின் மிக வெற்றிகரமான திறந்த தரம். அளவைப் பொதுவில் வைத்ததால்தான் எந்த நாட்டுப் பெட்டியும் எந்த ராக்கெட்டின் கூட்டிலும் பொருந்துகிறது. முழுக்கத் திறந்த வரைபடத்தோடு 2017இல் கிரேக்கத்தின் யுபிசாட் பறந்தது. போர்ட்லாண்ட் மாணவர்களின் ஓர்சாட்டும் அப்படித்தான். விண்கலத்தை இயக்கும் நாசாவின் எஃப் பிரைம் மென்பொருள் இலவசம். கற்க இவ்வளவு இருக்கும்போது மனம் இங்கேதான் சாயும்.

ஆனால் எடைக் கணக்கைப் பாருங்கள். பிஎஸ்எல்வியின் பெரிய வடிவம் 320 டன். துருவப் பாதைக்கு 1,750 கிலோ ஏற்றும். ஒரு கிலோவுக்குத் தரையில் 180 கிலோவுக்கு மேல். குலசேகரன்பட்டினத்திலிருந்து ஏவவிருக்கும் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி 120 டன், 500 கிலோமீட்டர் உயரத்துக்கு 500 கிலோ. கிலோவுக்கு 240. அதன் மூன்று முக்கியக் கட்டங்களும் திண்ம எரிபொருள். ராக்கெட் சின்னது என்பதால் பாதிப்பும் சின்னது என்று நினைக்கக்கூடாது. நம் ஊர்ப் பக்கத்தில் ஏவுதளம் வருவதும் இந்தக் கணக்கை மாற்றாது.

500 கிலோமீட்டரில் விட்ட பெட்டி பல ஆண்டு சுற்றும். வேலை செய்யாமல் போனாலும் சுற்றும். முதல்முறை கட்டும் கல்லூரிச் செயற்கைக்கோள்களில் கணிசமானவை ஒரு சொல்லும் பேசாமல் போயிருக்கின்றன. இந்தியா 2030க்குள் குப்பையில்லாப் பயணங்கள் என்று 2024இல் அறிவித்திருக்கிறது; அந்த நோக்கத்தோடு ஒத்துப்போவது உங்கள் பொறுப்பும்தான். எரிந்து விழுவதும் முழுத் தூய்மை அல்ல. ஸ்ட்ராட்டோஸ்பியரின் கந்தக அமிலத் துகள்களில் சுமார் பத்தில் ஒன்றில், எரிந்த விண்கலங்களின் அலுமினியமும் பிற உலோகங்களும் இருப்பதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. ஜப்பானியர் மரத்தால் லிக்னோசாட் செய்து 2024இல் அனுப்பியது இந்தக் கவலையால்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | கீழே விழுவது | மேலே தங்குவது | மறைந்த செலவு | திறந்து வைக்க முடிவது |
|---|---|---|---|---|
| தரை நிலையம் | இல்லை | இல்லை | உப்பரிப்பு, பராமரிப்பு ஆள் | ஏறக்குறைய எல்லாம் |
| பலூன் | ரப்பர், பெட்டி. எடுக்காவிட்டால் கடல் மாசு | இல்லை | தேடும் பயணம், வான்வெளி அனுமதி | எல்லாம் |
| ஹைப்ரிட் | உடல், பேட்டரி | கரி | சோதனைத்தளம், படகு, உரிமங்கள் | கணக்கும் தரவும். எந்திரம் ஓரளவே |
| போயம் | உயரம் குறைத்தபின் தானாக விழுந்து எரிவது | சில மாதம் மட்டும் | ஆவணம், சோதனை, காத்திருப்பு | கருவி, நிரல், தரவு |
| க்யூப்சாட் | எரிந்த உலோகத் துகள் | பல ஆண்டு | அலைவரிசை ஒப்புதல், ஏவு கட்டணம், ஆண்டுக்கணக்கில் இயக்க ஆள் | பெரும்பகுதி |

கடைசி நெடுவரிசையில் ராக்கெட் பின்தங்குவதற்குக் காரணம் மாணவர்களின் மனசு அல்ல, சட்டம். ராக்கெட் நுட்பம் ஏவுகணை நுட்பமும் ஆகலாம் என்பதால் ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருகிறது. இணையத்தில் எந்திர வரைபடத்தைப் போடும் முன் வழிகாட்டும் பேராசிரியரோடும் இன்ஸ்பேஸோடும் பேசுங்கள். ஓப்பன்ராக்கெட், ராக்கெட்பை போன்ற திறந்த மென்பொருளில் செய்த பறப்புக் கணிப்பையும் பறந்தபின் கிடைத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுவதே அடுத்த குழுவுக்குப் பெரிய உதவி.

## யாருக்கு எது

பள்ளிக்கூடம், ஒரு ஆசிரியர், பத்துப் பிள்ளைகள் என்றால் தரை நிலையம். இரண்டாவது ஆண்டில், திரும்ப எடுக்க வண்டியும் ஆளும் இருந்தால், மாசி பங்குனி வாக்கில் வானம் தெளிந்த நாளில் கமுதிப் பக்கத்திலிருந்து ஒரு பலூன்.

பொறியியல் கல்லூரி, விண்வெளியில் மட்டுமே வேலை செய்யும் கருவி என்றால் போயம். பலூனில் ஒருமுறை அதைப் பறக்க விட்டுப் பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். இதைத்தான் நான் இந்தக் கடலோரத்துக்கு மிகவும் பரிந்துரைக்கிறேன்.

உந்துவிசைதான் பாடம் என்றால் ஹைப்ரிட் எந்திரத்தைத் தரைச் சோதனைமேடையில் கட்டிவைத்து எரித்துப் படியுங்கள். கற்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும். பறக்க விடுவதற்குத் திருவிடந்தை, ஸ்ரீஹரிகோட்டா போன்ற இடங்களில் நடக்கும் பயணங்களில் சேர்ந்துகொள்ளுங்கள்.

சொந்த க்யூப்சாட் எப்போது சரி? தனிச் சுற்றுப்பாதை இல்லாமல் நடக்காத ஆய்வு இருந்து, மூன்று நான்கு கல்லூரிகள் சேர்ந்து, அடுத்த ஐந்தாண்டுக்கு அதை இயக்கும் ஆள் யார் என்று எழுத்தில் சொல்ல முடிந்து, இறக்கும் ஏற்பாடும் வடிவமைப்பிலேயே இருந்தால். அந்த நிலைக்கு வரும்போது உங்கள் மாடியில் ஒரு தரை நிலையம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும். அதுவே அந்தச் செயற்கைக்கோளுக்கு முதல் காது.

எந்த வழியானாலும் வன்பொருள் வரைபடத்தைச் செர்ன் திறந்த வன்பொருள் உரிமத்தில் வெளியிடுங்கள், தமிழில் ஒரு செய்முறைக் குறிப்போடு. பெட்டி எங்கே விழுந்தது, எது கிடைக்கவில்லை என்ற பக்கத்தையும் அதில் சேர்த்துவிடுங்கள். தொண்டியிலோ வாலிநோக்கத்திலோ அடுத்த குழு தொடங்கும்போது முதலில் தேடப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.